28 பேரோடு பிழைத்த தீவும் 36 பேரோடு கைவிடப்பட்ட தீவும்

வைகை வடகரை எழுதியது:

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் டிரிஸ்டன் ட குன்யா என்று ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. 250 பேருக்கும் குறைவானவர்களே வாழும் அந்தத் தீவில் விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பலேறினால், கடல் ஒத்துழைக்கும் பட்சத்தில், ஏறத்தாழ ஒரு வாரத்தில் போய்ச் சேரலாம். இடைப்பட்ட தொலைவு சுமார் 2,800 கிலோமீட்டர். மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைவிடக் கூடுதலான அந்த வழியில், இறங்குவதற்கு ஒரு நிறுத்தம்கூட இல்லை.

தொலைவைப் பற்றி வியந்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. நான் இங்கே கேட்க விரும்புவது வேறு: ஓர் ஊர் ஊராக நிலைப்பதற்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியனைச் செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைத்திருந்த காலத்தில், அவரை மீட்க வருவோர் டிரிஸ்டனைத் தளமாகக் கொண்டுவிடக் கூடாது என்று கருதிய பிரித்தானியர் 1816-இல் அங்கே ஒரு காவற்படையை இறக்கினார்கள். மறு ஆண்டே படை திரும்ப அழைக்கப்பட்டபோது, வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மனைவி மக்களோடும் தோழர்கள் இருவரோடும் அங்கேயே தங்கிக்கொண்டார். 1817 நவம்பரில் அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி சரக்கிலும் இலாபத்திலும் எல்லோருக்கும் சமபங்கு உண்டு; ஒருவர் மற்றவருக்கு மேலானவர் என்ற நிலை கூடாது. பின்னர் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்களும், திமிங்கில வேட்டைக்கு வந்து இறங்கிக்கொண்டவர்களும், 1827-இல் மணம் முடிப்பதற்கென்றே செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்த பெண்கள் ஐவரும் சேர்ந்து அந்த ஊர் உருவாயிற்று. 1853-இல் கிளாஸ் இறந்ததும் அவருடைய வழியினர் பலர் அமெரிக்காவுக்கும், வேறு பலர் தீவிலிருந்த பாதிரியாரோடு கேப் பகுதிக்கும் போய்விட, 1857 அளவில் தீவில் எஞ்சியவர்கள் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த 28 பேர். அந்த 28 பேர் ஊரைக் கைவிடவில்லை; கால் நூற்றாண்டுக்குள் அவர்கள் தொகை நூறை ஒட்டி வளர்ந்துவிட்டது.

இப்போது ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள செயின்ட் கில்டாவைப் பாருங்கள். அருகிலுள்ள பெரிய தீவுகளிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான் தொலைவு. நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் வாழ்ந்த அந்தத் தீவிலிருந்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று, தாங்களே அரசுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டபடி, எஞ்சியிருந்த 36 பேரும் வெளியேறினார்கள்.

28 பேர் போதுமென்றால் 36 பேர் ஏன் போதவில்லை? தலைகளின் எண்ணிக்கை விடையாகாது, கைகளின் எண்ணிக்கைதான் விடை என்பது என் எண்ணம். செயின்ட் கில்டாவின் விண்ணப்பத்திலேயே அது வெளிப்படையாக இருக்கிறது: ஆள்பலம் குறைந்துகொண்டே வருகிறது, இருப்பவர்களிலும் சிலர் வேலை தேடிப் போக முடிவு செய்துவிட்டார்கள், அவர்கள் போனால் மற்றவர்களால் ஆடுகளைப் பராமரிக்கவும் அன்றாட வேலைகளைப் பார்க்கவும் முடியாது என்பதே அதன் சாரம். படகு வலிக்கவும் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடிக்கவும் தேவையான ஆட்கள் ஓர் அளவுக்குக் கீழே போனால், மிச்சமிருப்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஊர் நின்றுவிடுகிறது. நண்பர்கள் மறுத்தோ சேர்த்தோ எழுதுங்கள்.

---

செல்லூர் இளையவன் எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கில் வருமானம் என்ற ஒரு பெரிய இனம் விடுபட்டிருக்கிறது. டிரிஸ்டன் இன்று நிற்பது கைகளால் அன்று, கல் இறாலால். அந்தத் தீவைச் சுற்றிக் கிடைக்கும் அந்த இறாலைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். தீவின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. மருத்துவமனைக்கும் துறைமுகப் பராமரிப்புக்கும் பிரித்தானிய அரசு பணம் தருகிறது. செயின்ட் கில்டாவுக்கு இறால் இல்லை. பறவை இறகும், எண்ணெயும், கையால் நெய்த கம்பளித் துணியும்தான் இருந்தன. அவற்றுக்கும் சந்தை போய்விட்டது. அந்தத் தீவே ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் சொத்து என்பதால், இறகையும் துணியையும் வாடகையாகக் கட்டவேண்டிய நிலையும் இருந்தது. விற்பதற்குச் சரக்கு உள்ள தீவு பிழைக்கிறது, இல்லாத தீவு காலியாகிறது என்று சொல்வதற்கு இதைவிடச் சிக்கலான விளக்கம் தேவையா?

---

பழைய மாலுமி (திருமங்கலம்) எழுதியது:

தம்பி சொல்வது இன்றைக்குப் பொருந்தும். வரலாறு முழுவதற்கும் பொருந்தாது. டிரிஸ்டனில் இறால் தொழில் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அந்தத் தீவுக்கு விற்பதற்கு எதுவுமே இல்லை.

நான் கப்பல் இயந்திரப் பிரிவில் பணியாற்றியவன். தென் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர்ப் பக்கம் சரக்கு ஏற்றிச் செல்லும் வழி அந்தத் தீவுகளை ஒட்டியே போகும் என்றாலும், வரைபடத்தில் புள்ளியாகப் பார்த்ததைத் தவிரக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. பாய்மரக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. காற்றின் போக்கை நம்பி வந்த கப்பல்களும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் குடிநீருக்காகவும் உருளைக்கிழங்குக்காகவும் அங்கே நிற்கும். தீவினர் கிழங்கும் இறைச்சியும் கொடுத்து, மாவும் துணியும் தேயிலையும் வாங்கிக்கொள்வார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், நீராவிக் கப்பல்கள் பெருகியதும், திமிங்கில வேட்டை சரிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. கப்பல்கள் வருவது அருகிப்போயிற்று.

1885-இல் நடந்த பேரிழப்பை இந்த நெருக்கடியோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். தொலைவில் ஒரு கப்பல் தென்பட்டது. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. பண்டமாற்றுக்காகப் படகை இறக்கிக்கொண்டு போன 15 ஆண்களும் திரும்பவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1882-இல், உடைந்த ஒரு கப்பலிலிருந்து எலிகள் கரையேறிப் பயிரை அழிக்கத் தொடங்கியிருந்தன. ஆண்களில் பெரும்பாலோரை இழந்து, எலியோடும் போராடி, கப்பலும் வராமல் அந்த ஊர் இருந்திருக்கிறது. நாணயப் புழக்கமே பெரிதாக இல்லை. 1946-இல் தீவுக்கென்று ஓர் அஞ்சல்தலையை முன்மொழிந்தபோது, அதில் விலையை ஒரு பென்னி என்றும் நான்கு உருளைக்கிழங்கு என்றும் அச்சிட்டார்கள். அஞ்சல்தலை சேகரிப்பவர்களிடையே அது இன்றும் பேர்பெற்றது.

எனவே வடகரை ஐயா சொல்லும் கைக்கணக்கிலும் ஓர் இடறல் இருக்கிறது. 1885-க்குப் பிறகு டிரிஸ்டனில் கைகளும்தான் குறைந்துபோயின. ஆனாலும் ஊர் நின்றதே, அது எப்படி?

---

வைகை வடகரை எழுதியது:

நல்ல கேள்வி. புதிய கைகள் வந்தன என்பது விடையின் ஒரு பகுதி. 1892-இல் ஓர் இத்தாலியக் கப்பல் அங்கே உடைந்தபோது, காமோக்லி ஊரைச் சேர்ந்த மாலுமிகள் இருவர் திரும்பிப் போகாமல் தீவிலேயே மணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். ரெப்பெட்டோ, லவரெல்லோ என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே வழங்குவது அவர்களால்தான். கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ராஜர்ஸ், ஹேகன் ஆகியவற்றோடு சேர்த்து ஏழே குடும்பப் பெயர்கள்தான் நெடுங்காலம் ஊர் முழுவதற்கும் இருந்தன.

இரண்டு பேரால் ஓர் ஊர் மீண்டுவிடாது என்று நீங்கள் சொல்லலாம். விதவைகளும் வளர்ந்து வந்த பையன்களும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் விடையின் பெரிய பகுதி; அதை எனக்கு முழுமையாக விளக்கத் தெரியவில்லை. நிலம் பொதுவில் இருந்ததும், எவரும் வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

பொதுநிலம் என்று ஐயா ஒரு வரியில் கடந்துவிட்ட இடத்தில்தான் விஷயமே இருப்பதாக எனக்குப் படுகிறது.

இன்றைக்கும் டிரிஸ்டனில் நிலம் பொதுவுடைமைதான். வெளியார் நிலம் வாங்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை மாடு, எத்தனை ஆடு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மேய்ச்சல் நிலம் அழிந்துவிடாமல் இருக்கவும், ஒரு குடும்பம் மட்டும் பெருத்துவிடாமல் இருக்கவும் அந்த வரம்பு. ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி உருளைக்கிழங்குப் பாத்திகள் இருக்கின்றன. கற்சுவர் கட்டிக் காற்றை மறித்துக் குடும்பம் குடும்பமாகப் பயிரிடுகிறார்கள். அரசு வேலையில் இருப்பவர் உட்பட எல்லோருக்கும் அங்கே பாத்தி உண்டு.

இறால் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. கடல் அமைதியாக உள்ள நாளில், விடியுமுன், தொங்கவிட்ட பழைய எரிவாயு உருளையை அடித்து ஊரைக் கூட்டுகிறார்கள். அந்த ஒலி கேட்டால் அது மீன்பிடி நாள். தச்சரும் மின்பணியாளரும் அலுவலகத்தில் இருப்பவரும் தம் வேலையை விட்டுவிட்டுப் படகில் ஏறுகிறார்கள். மாலையில் பிடித்து வந்ததைப் பதப்படுத்தும் ஆலையில் பெண்களும் முதியவர்களும் வேலை பார்க்கிறார்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு.

எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை எவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுவட்டார ஊர்களே இறங்குகின்றன. அதுவரை அந்தக் கண்மாயில் எவரும் தனியாக மீன் பிடிக்காமல் காத்ததற்கு ஊர்க்கட்டுப்பாடு தவிர வேறு காவல் கிடையாது. எங்களுக்கு அது ஆண்டில் ஒரு நாள். அந்தத் தீவினருக்கு அதுவே வாழ்க்கை முறை. கைகள் எத்தனை என்பதைவிட, அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலைக்கு வரும் வழக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று சொல்வேன்.

---

பழைய மாலுமி (திருமங்கலம்) எழுதியது:

மேலூர்த் தம்பியின் கருத்துக்குச் சான்றாக ஒன்றைச் சேர்க்கிறேன். 2011 மார்ச்சில் பிரேசிலிலிருந்து சிங்கப்பூருக்குச் சோயா ஏற்றிச் சென்ற ‘ஒலிவா’ என்ற சரக்குக் கப்பல், டிரிஸ்டனுக்கு அருகிலுள்ள நைட்டிங்கேல் தீவின் பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. கப்பலிலிருந்த 22 பேரும் காப்பாற்றப்பட்டுத் தீவினரின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். கசிந்த எண்ணெயில் ஆயிரக்கணக்கான பாறைதாவிப் பென்குயின்கள் நனைந்தன. தீவினர் 3,700-க்கும் மேற்பட்ட பறவைகளைப் படகில் கொண்டுவந்து கழுவி, ஊரின் நீச்சல் குளத்தில் நீரைக் குறைத்து அதில் அடைத்து, மீன் ஊட்டிப் பார்த்தார்கள். அவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே பிழைத்தது என்றாலும், 260-ஐ ஒட்டிய மக்கள்தொகையில் இத்தனை வேலையைச் செய்தது சாதாரணமானதன்று. வெளியிலிருந்து உதவிக் கப்பல் வந்து சேரப் பல நாட்கள் ஆகும் இடத்தில், முதல் வாரம் முழுவதும் இருக்கிற ஆட்களை வைத்துத்தான் எல்லாம் நடந்தாக வேண்டும்.

அங்குள்ள துறைமுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1967-இல் கட்டிய சிறு துறைமுகம் அது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. கப்பலை வெளியே நிறுத்திவிட்டு, தீவினரின் படகிலோ மிதவையிலோ ஆளையும் சரக்கையும் இறக்க வேண்டும். ஆண்டில் அறுபது எழுபது நாட்கள்தான் அதற்குக் கடல் இடம் கொடுக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கேப் டவுனிலிருந்து வந்த பயணி ஊரின் விளக்குகளைப் பார்த்தபடி கப்பலிலேயே நாட்கணக்கில் காத்திருப்பது அங்கே செய்தியே அன்று.

---

திருநகர் வாசகி எழுதியது:

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்கள் எழுதும்போது படகும் துறைமுகமும் வருகின்றன. பிள்ளைப்பேறும் நோயும் வருவதில்லை. அவற்றை நான் எழுதுகிறேன்.

செயின்ட் கில்டாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிறந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குள் இறந்துபோயின. தொப்புள்கொடி வழியே தொற்றும் இரணஜன்னிதான் காரணம். நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த போதகர் தூய்மையான பேறுகால முறையைக் கற்றுவந்து நடைமுறைப்படுத்திய பிறகே அது நின்றது. அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் இழப்பு நேர்ந்துவிட்டது. அதற்கு முன்பே, 1852-இல், 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். 1930-இல் படகு வலிக்க ஆளில்லை என்று ஐயா சொல்கிறார். அந்த ஆட்களில் பலர் தொட்டிலிலேயே போய்விட்டவர்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிரிஸ்டனின் சிக்கல் வேறு வகை. இன்றுள்ளவர்கள் அனைவரும் ஏறத்தாழ 15 மூதாதையரின் வழிவந்தவர்கள். அவர்களில் சிலருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது. அதனால் தீவினரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அந்த நோயோ அதன் அறிகுறிகளோ காணப்படுகின்றன. 1990-களில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்துமாவின் மரபணுக் காரணத்தைத் தேடி அங்கே போனதும் இதனால்தான். சளிக் காய்ச்சல் இரண்டு தீவுகளிலுமே கப்பலோடு வரும். கப்பல் வந்து போன சில நாட்களில் ஊரே இருமத் தொடங்குவதை இரண்டு ஊர்க்காரர்களும் அறிந்திருந்தார்கள்.

இன்று டிரிஸ்டனில் 2017-இல் திறந்த ஒரு சிறு மருத்துவமனை இருக்கிறது. அந்த இத்தாலிய மாலுமிகளின் சொந்த ஊரான காமோக்லியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் வெளியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வந்து பணியாற்றுகிறார்கள். அங்கே செய்ய முடியாத சிகிச்சை என்றால் கேப் டவுன்தான். கப்பல் கிடைத்து, கடல் இடம் கொடுத்து, ஒரு வாரம் பயணம் செய்து போய்ச் சேரும்வரை நோய் பொறுக்க வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை உயிர் ஊசலாடும் என்பதைப் பார்த்தவள் என்ற முறையில், அப்படிப்பட்ட இடத்தில் கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணின் நிலையை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கைகளும் ஒற்றுமையும் பற்றிய பேச்சு எல்லாம் சரிதான். ஒரு தாய் அங்கே பிள்ளை பெற்று வளர்க்கத் துணிகிறாளா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

---

கீழைக்காற்று எழுதியது:

நான் இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து மதுரையில் தொழில் செய்பவன். இதுவரை பேசியவர்கள் அனைவரும் ஊருக்குள் நடப்பதைப் பற்றியே பேசினார்கள். ஊர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்பதை நான் கேட்கிறேன்.

1961 அக்டோபரில் டிரிஸ்டனில் குடியிருப்புக்கு மிக அருகிலேயே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெளிவந்தது. இறால் ஆலையும் படகு இறக்கும் கரையும் அழிந்தன. 264 பேரும் முதலில் நைட்டிங்கேல் தீவுக்கும், பின்னர் கேப் டவுன் வழியாக இங்கிலாந்துக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட் என்ற இடத்தில் பழைய விமானப்படைக் குடியிருப்பு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வேலையும் கிடைத்தது, மின்சாரமும் தொலைக்காட்சியும் கிடைத்தன. குளிர்காலத்து நோயில் முதியவர்கள் சிலர் இறந்தும்போனார்கள். அவர்கள் அங்கேயே கரைந்துவிடுவார்கள் என்றுதான் அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். 1962 இறுதியில் வாக்கெடுப்பு நடந்தபோது திரும்பிப் போக வேண்டும் என்று 148 பேரும், வேண்டாம் என்று 5 பேரும் வாக்களித்தார்கள். 1963-இல் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு நம் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. அதன் பிறகு அந்த இடம் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அங்கே எவரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் திரும்பிப் போய் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டன. மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக் குடித்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டது சுற்றுலாவுக்காக. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்தவர்கள் மின்கம்பியைக் காணாமலே வாழ்ந்தார்கள். அவர்கள் எண்ணிக்கையில் டிரிஸ்டன் மக்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். கையும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது, விற்கச் சரக்கும் இருந்தது. இல்லாமல் போனது ‘இது ஓர் ஊர்’ என்று அரசு ஒப்புக்கொண்ட ஒரு தாள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் இன்று குடியிருப்பு இல்லை. 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு மீனவர்கள் அங்கே தங்கி வலை காயவைக்கும் வழக்கமும் தடுக்கப்பட்டது. பவளப்பாறையைக் காப்பதற்கு அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. டிரிஸ்டனில் 2020-இல் ஏறத்தாழ 6,87,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தபோது, அந்த முடிவில் தீவின் மன்றமும் பங்கேற்றது; தங்கள் இறால் தொழிலுக்கு வேண்டிய கரையோரக் கடலை அவர்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பாதுகாப்புக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

---

செல்லூர் இளையவன் எழுதியது:

கீழைக்காற்று அண்ணன் எழுதியதை மறுக்க முடியவில்லை. ஆனால் 148-க்கு 5 என்ற எண்ணை நாம் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். திரும்பிப் போனவர்களில் சிலர் சில ஆண்டுகளிலேயே மறுபடியும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். ஒருமுறை வெளியே வாழ்ந்து பார்த்த இளைஞர்கள் அவர்களில் இருந்தார்கள் என்பது இயல்புதானே? ஊரே கூடி வாக்களிக்கும்போது, தந்தைக்கும் மாமனுக்கும் எதிரே உட்கார்ந்துகொண்டு ‘நான் வரவில்லை’ என்று சொல்வது 18 வயதுப் பையனுக்கு எவ்வளவு கடினம் என்பது சிற்றூரில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

மேலூர் அண்ணன் புகழும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் இன்னொரு முகம் உண்டு. அங்கே பள்ளிப் படிப்பு பதினாறு வயதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மேலே படிக்க விரும்பினால் கடல் கடக்க வேண்டும். படித்துவிட்டுத் திரும்பினால் அந்தப் படிப்புக்குரிய வேலை அங்கே இருக்காது. வெளியார் குடியேறவும் முடியாது. எனவே வருகிறவர் இல்லை, போகிறவர் மட்டும் உண்டு. நான் 250 பேரைப் பற்றி ஐயப்படவில்லை; அவர்களில் எத்தனை பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதைப் பற்றித்தான் ஐயப்படுகிறேன்.

---

திருநகர் வாசகி எழுதியது:

இளையவன் தம்பி சொல்லும் ‘போகிறவர்’ கணக்கில் பெண்களைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்கள் முதலில் போய்விடும் ஊரில் ஆண்கள் எத்தனை பேர் தங்கினாலும் அது ஒரு தலைமுறை ஊர்தான். 1827-இல் ஐந்து பெண்கள் வராமல் இருந்திருந்தால் நாம் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டோம்.

---

வைகை வடகரை எழுதியது:

தம்பியின் கேள்விக்குப் பிட்கேர்ன் தீவை வைத்துப் பதில் சொல்ல முயல்கிறேன். பசிபிக் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவில் 1790-இல் ‘பவுண்டி’ கப்பலின் கலகக்காரர்களும் தாகித்தியப் பெண்களும் குடியேறினார்கள். 1856-இல், இடம் போதவில்லை என்று, 190-க்கும் மேற்பட்ட மக்கள் முழுவதும் நார்ஃபோக் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1859-இலும் 1864-இலும் சில குடும்பங்கள் மட்டும் பிட்கேர்னுக்குத் திரும்பின. அவர்களின் வழியினர் 1937-இல் 233 பேர். இன்று ஐம்பதுக்கும் குறைவானவர்களே, அதிலும் முதியவர்களே மிகுதி. குடியேற வருபவர்களுக்கு நிலம் தருவதாக அறிவித்தும் வந்தவர்கள் மிகச் சிலர்.

ஆக, கதவைத் திறந்து வைத்த பிட்கேர்ன் சுருங்கியிருக்கிறது. மூடி வைத்த டிரிஸ்டன் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. வெளியார் வராததால்தான் டிரிஸ்டன் தேய்கிறது என்ற முடிவுக்கு இது இடம் தரவில்லை. டிரிஸ்டனில் பிறந்தவன் படிக்கப் போனாலும் அவனுக்குரிய பாத்தியும் மேய்ச்சல் பங்கும் மீன்பிடி நாளில் படகில் ஓர் இடமும் அங்கே காத்திருக்கின்றன. பிட்கேர்னில் ஏற்றுமதி செய்யத் தேன் உண்டு, கைவினைப் பொருள்கள் உண்டு. ஊர் முழுவதும் ஒரே நாளில் கூடிச் செய்யும் தொழில் என்று இறாலைப் போல ஒன்று அங்கே அமையவில்லை. இந்த இடத்தில் உங்கள் இறாலும் மேலூர்த் தம்பியின் துண்டு வீசும் வழக்கமும் ஒன்றாகிவிடுகின்றன.

அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டிரிஸ்டனில் இப்போது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குழந்தைகள் பிறந்தாலே அது ஊர்ச் செய்தி என்கிற நிலை இருக்கிறது.

---

செல்லூர் இளையவன் எழுதியது:

படகில் ஓர் இடம் காத்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. அந்தப் படகில் ஏற விரும்பாதவனுக்கு அந்த ஊரில் வேறு என்ன காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். அதன் பிறகு நான் என் ஐயத்தை விட்டுவிடுகிறேன்.

---

மேலூர்க்காரன் எழுதியது:

அங்கே ஆசிரியர், செவிலியர், அஞ்சலகம், காவலர், மின்பணியாளர், வானொலி நிலையம், அருங்காட்சியகம், தீவின் வனவிலங்குத் துறை என்று எல்லா வேலைகளும் இருக்கின்றன, தம்பி. 250 பேருக்கு அத்தனை துறைகளும் தேவைப்படுவதால் ஒருவரே இரண்டு வேலை பார்ப்பது அங்கே வழக்கம். பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை ஒன்றுக்காகவே நான் போயிருப்பேன். அருகிலுள்ள இன்அக்ஸசிபிள் தீவில் வாழும், உலகத்திலேயே மிகச் சிறிய பறக்காத பறவையைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கிறார்கள், தீவினர் படகை எடுத்துக்கொண்டு போய் வருகிறார்கள். மீன்பிடி நாளில் உருளையை அடித்தால் மட்டும் அந்தக் கணக்கெடுப்பையும் பாதியில் விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும்.